பருப்பு வேகாத தண்ணீரில் மீன் வளர்த்த கதை

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. அம்மா இதை நாற்பது வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "குழாத் தண்ணி புடிச்சிட்டு வாடா, சாம்பாரு வைக்கணும்" என்று அவர் அனுப்பாத நாளே கிடையாது. சோப்பு போட்டால் நுரைக்காது. கெட்டிலின் அடியில் ஆறு மாதத்தில் வெள்ளை ஓடு கட்டிவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்தைக் காலி செய்து வந்தபோது அப்பா வாங்கிய துண்டு நிலம் இது. கொல்லைப்பக்கம் நிமிர்ந்து பார்த்தால் சுண்ணாம்புக்கல் மலை. ஈப்போவுக்குப் போகிற வழியெல்லாம் செங்குத்தாக நிற்குமே, அதே ஜாதி மலைதான். மழைத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் எங்கள் கிணற்றுக்கு வருகிறது.

இவ்வளவும் தெரிந்த நான், 2016-இல் அந்தத் தண்ணீரில் டிஸ்கஸ் விட்டேன்.

ஒன்று 80 வெள்ளி (ரிங்கிட்), ஐந்து மீன். பையை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, அவிழ்த்து ஊற்றிவிட்டேன். மறுநாளே ஐந்தும் கறுத்துப்போய் ஒரே மூலையில் தலைகுனிந்து நின்றன. பத்து நாளில் தொட்டி காலி. கடினத் தண்ணீரில் டிஸ்கஸ் வாழவே வாழாது என்று அடித்துச் சொல்லமாட்டேன். பண்ணையில் பல தலைமுறையாகப் பிறந்தவை மெதுவாகப் பழக்கினால் ஓரளவு பழகும். ஆனால் அமேசான் காட்டு ஆற்றின் மெல்லிய (சுண்ணாம்பு குறைந்த), லேசான அமிலத் தண்ணீருக்குப் படைக்கப்பட்ட மீன் அது. கடைத் தொட்டியிலிருந்து என் சுண்ணாம்புத் தண்ணீருக்கு அரைமணியில் அதை மாற்றியது என் அறிவுக்கேடு.

அதற்குப் பிறகுதான் சொட்டுப் பரிசோதனைக் குப்பிகள் வாங்கினேன். ஐந்து மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு எண்ண வேண்டும். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும்போது எத்தனையாவது சொட்டோ, அத்தனை டிகிரி பொதுக் கடினம். ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். எங்கள் கிணற்றுக்கு 14 சொட்டு. அக்கா வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவந்து பார்த்தேன், இரண்டாவது சொட்டிலேயே பச்சை. நம் நாட்டில் ஆற்றிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் இப்படி மெல்லியதுதான். ஆகவே வெளிநாட்டுக்காரர் "குழாயைத் திறந்து ஊற்றினால் போதும்" என்று சொல்வதைக் கேட்டு, கடினத் தண்ணீர் கேட்கும் ஆப்பிரிக்க மீன் வாங்காதீர்கள். அவர் ஊர்க் குழாய் வேறு, நம் குழாய் வேறு. மெல்லிய தண்ணீர்க்காரர்கள் கடினம் ஏற வடிகட்டியில் பவளக் கல் போட்டுக்கொள்ளலாம், கடையில் பை பையாகக் கிடைக்கும்.

கிணற்றுத் தண்ணீரில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. இறைத்த உடனே பி.எச். (அமில, கார அளவு) பார்த்தால் எனக்கு 7.3 காட்டியது. இது என்ன, கடினத் தண்ணீர் என்றால் 8 இருக்க வேண்டுமே என்று குழம்பினேன். அதே தண்ணீரை வாளியில் வைத்து, காற்றுக் குழாய் போட்டு மறுநாள் பார்த்தால் 8.1. நிலத்துக்கடியில் இருக்கும்போது தண்ணீரில் கரிவளி கரைந்திருக்கும், காற்றுப் பட்டதும் அது வெளியேறி பி.எச். ஏறிவிடும். இது தெரியாமல் நேராகக் கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஊற்றினால் மீனுக்கு ஒரே நாளில் ஏறி இறங்கும் ஊஞ்சல். நிலத்தடித் தண்ணீரில் உயிர்வளியும் குறைவாக இருக்கும். அதனால் இன்றைக்கும் நான் முதல் நாளே நீல டிரம்மில் இறைத்து, இரவு முழுக்கக் காற்று ஓடவிட்டுத்தான் மாற்றுகிறேன்.

ஈப்போ மீன்கடைத் தவுக்கே (முதலாளி) என் சொட்டுக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். "உனக்கு மலையே பவளக் கல் கொடுத்திருக்கு, ஆப்பிரிக்கா மீன் எடு லா." அன்றைக்கே எடுத்தேன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி, ஏறக்குறைய 240 லிட்டர். கண்ணில் பட்ட 'கடினத் தண்ணீர் மீன்' எல்லாம் ஒரே பையில் வந்தன. மஞ்சள் லேப் நான்கு, பீக்காக் இரண்டு, நீள வால் பிரிச்சார்டி ஒரு ஜோடி, தேனீ மாதிரி மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஔராட்டஸ் நான்கு. தண்ணீர் ஒத்துப்போனால் மீன்களும் ஒத்துப்போகும் என்பது என் எண்ணம்.

இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தது. பிறகு ஔராட்டஸ் ஒன்றின் மஞ்சள் அழுக்காகத் தொடங்கியது. நோய் என்று நினைத்தேன். வாரம் ஆக ஆக வயிறு காப்பிக் கறுப்பாகி, கறுப்புக் கோடு இருந்த இடம் வெளுத்து, மீனே நெகட்டிவ் படம் போல மாறிவிட்டது. அது ஆண். அந்த இனத்தில் குட்டியும் பெண்ணும் மஞ்சள், தலையெடுத்த ஆண் கறுப்பு. நிறம் மாறிய வாரத்திலிருந்து தொட்டியின் இடப்பக்கக் கல்லைச் சுற்றி இரண்டடி அதன் ராஜ்யம். ஒருநாள் காலை ஸ்கூல் பஸ் எடுக்கும் முன் விளக்கைப் போட்டேன். பீக்காக் ஒன்று தண்ணீரின் மேல்மட்டத்தில், வடிகட்டிக் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகிக்கொண்டு நின்றது. வால் துடுப்பு இருந்த இடத்தில் வெறும் முள் மட்டும். செதில் போன இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. கறுப்பன் கீழே நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் கடித்ததை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, அதெல்லாம் விளக்கணைந்த பிறகு நடந்திருக்கிறது.

ஔராட்டஸ் நான்கையும் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். தவுக்கே காசு தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த பிரச்சினை பிரிச்சார்டி. பார்க்கச் சாது, வால் நுனி வெள்ளை நூலாக நீளும், மணப்பெண் போல நடக்கும். அது ஒரு மூலையில் குடும்பம் நடத்தத் தொடங்கியது. முதல் ஈட்டுக் குஞ்சுகள் வளர்ந்து, அடுத்த ஈட்டுத் தம்பி தங்கைகளுக்குக் காவல் நின்றன. பார்க்க அவ்வளவு அழகு, அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஆனால் குடும்பம் பெருகப் பெருக மூலை பாதித் தொட்டியாகியது. மற்ற மீன்கள் எல்லாம் எதிர்மூலையில், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நெரிசலில் நிற்பது போல. இந்தத் தடவை ரௌடி ஆள்கூட இல்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள்தான் ஊரைப் பிடித்தார்கள்.

அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். பிரிச்சார்டி தங்கனிக்கா ஏரி மீன், மற்றவை மலாவி ஏரி மீன்கள். மலாவி ஏரியும் தங்கனிக்கா ஏரியும் இரண்டும் கிழக்கு ஆப்பிரிக்கா, இரண்டும் காரத் தண்ணீர். ஆனால் தங்கனிக்காவின் பி.எச். 9-ஐத் தொடும். மலாவி எட்டுக்குச் சற்று மேலே கீழே இருக்கும், கடினம் நாம் நினைக்கிற அளவு கிடையாது, என் கிணறு அதைவிடக் கடினம். கடைத் தலைமுறை மீன்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், ஒரே ஏரிக்குள்ளேயே ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்துப் பிறவி. பாறை மேல் பாசியைச் சுரண்டித் தின்னும் கூட்டத்தை அந்த ஊர்க்காரர்கள் 'புனா' என்கிறார்கள். கல்லுக்குக் கல் எல்லைத் தகராறு செய்தே வாழ்கிற கூட்டம் அது, ஔராட்டஸ் அதில் ஒன்று. பீக்காக் மணல் பக்கத்து மீன், மணலுக்குள் நெளியும் பூச்சியை அசைவை உணர்ந்தே பிடிக்கும், அமைதி வேண்டும். இரண்டையும் சேர்த்தால் பீக்காக் ஆண் நிறம் ஏறாமலே சாம்பலாகக் கிடக்கும், என் வீட்டில் கிடந்தது போல. கல்லும் மணலும் தனித்தனியாக இருக்கிற ஆறடித் தொட்டி உள்ளவர்கள் சாதுவான புனாவோடு வைத்துச் சமாளிக்கிறார்கள். நான்கடியில் வேண்டாம் என்பது என் கட்சி.

நடுவில் லோஹான் பற்றி ஒரு வார்த்தை. 90-களில் நம் நாட்டிலேயே கலப்பினமாக உருவாக்கிய மீன். அதன் முன்னோர்கள் நடு அமெரிக்காக்காரர்கள், கடினத் தண்ணீர் அதற்கும் ஆகும். அதனால் "இதோடு அதையும் போடலாமா அண்ணே" என்று கேட்கிறார்கள். போடாதீர்கள். லோஹானுக்குத் துணை லோஹானேகூடக் கிடையாது.

இரண்டாவது தடவை நிறத்தைப் பார்க்காமல் குணத்தைப் பார்த்து எடுத்தேன். நிறத்தையும் பார்த்தேன்தான், வேறு காரணத்துக்காக. புனா ஆண் முதலில் அடிப்பது தன்னைப் போலவே இருப்பவனை. நீலத்தில் கறுப்புப் பட்டை போட்ட இரண்டு இனத்தை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றை மற்றது பங்காளி என்றே நினைக்கும். டெமசோனி என்று ஒரு குட்டி மீன், கண்ணைப் பறிக்கும் நீலம். ஆசையில் ஐந்து வாங்கினேன். நான்கு மாதத்தில் ஒன்று மிஞ்சியது, மிச்ச நான்கையும் அதுவே தீர்த்துக்கட்டியது. அதைப் பன்னிரண்டு பதினைந்து என்று கூட்டமாக வைத்தால்தான் அடி பலருக்கும் பங்காகி யாரும் சாகமாட்டார்கள். ஐந்து என்பது மிக மோசமான எண்ணிக்கை.

கடைசியில் என் தொட்டிக்குப் பொருந்தியது மூன்று இனம். மஞ்சள் லேப், வாடிய ரோஜா நிறத்தில் ரஸ்டி, நீல உடம்பும் மஞ்சள் வாலுமாக ஆசெய். மூன்றும் புனா வகையில் சாதுக்கள், மூன்றும் ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஆசெய் கல்லைவிட நடுத்தண்ணீரில் கூட்டமாகச் சுற்றும், அதனால் கல்லுக்கும் அடிதடி குறைவு. மஞ்சள் லேபின் அறிவியல் பெயரில் 'செருலியஸ்' என்று வரும், நீலம் என்று அர்த்தம். முதலில் பெயர் வைத்தவர் பார்த்தது ஏரியின் வேறோர் இடத்து நீல வெள்ளை வகையை. பெயர் ஒட்டிக்கொண்டது, நாம் வளர்ப்பதோ மஞ்சள். நம் ஆள்களில் கறுப்பாக இருப்பவருக்கு வெள்ளையன் என்று பெயர் இல்லையா, அப்படி.

ஒவ்வொரு இனத்திலும் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் இருக்க வேண்டும். ஒரே பெண் இருந்தால் ஆண் துரத்தித் துரத்தியே அதைக் கொன்றுவிடும். ஆனால் குட்டியில் ஆண் பெண் தெரியாது. நான் ஒவ்வொன்றிலும் எட்டுக் குட்டி வாங்கி, வளர்ந்த பிறகு அதிகப்படி ஆண்களைக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன், அது முக்கியம். ஒருவன் முந்தி வந்து இடம் பிடித்துவிட்டால் பின்னால் வருகிறவனுக்குப் பட்டா கிடைக்காது. பிறகு புதிதாகச் சேர்க்கும்போது கற்களை எல்லாம் கலைத்து மாற்றி அடுக்கிவிட்டுச் சேர்ப்பேன். பழைய ஆள்களுக்கும் வீடு தொலைந்துபோகும், எல்லோரும் புதிதாகத் தொடங்குவார்கள்.

கல் அடுக்கும்போது முதலில் கண்ணாடி மேல் மெல்லிய பாலிஸ்டைரின் அட்டை, அதன்மேல் கல், கடைசியாக மணல். நான் முதலில் மணல்மேல் கல் வைத்தேன். இவை பன்றி மாதிரி தோண்டும். ஓர் இரவு டம் என்று சத்தம், ஓடிப் பார்த்தால் ஐந்து கிலோ கல் சாய்ந்து முன்கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. உடையவில்லை. மனைவி மட்டும் "மீனுக்கு வீடு கட்டத் தெரியாதவரு" என்று இன்றைக்கும் சொல்வார்.

சாப்பாட்டில்தான் நான் அதிகம் இழந்தேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிஸ்கஸ் காலத்து உறைந்த சிவப்புப் புழு ஐஸ்பெட்டியில் அரைப் பாக்கெட் கிடந்தது. வீணாக்குவானேன் என்று புனாவுக்குப் போட்டேன். வெறி பிடித்துத் தின்றன. எனக்கும் பெருமை. மூன்றாவது வாரம் பெரிய ரஸ்டி ஆண் சாப்பாட்டை வாயில் எடுத்துத் துப்பியது. மறுநாள் அதன் பின்னால் வெள்ளை நூல் போல மலம் தொங்கியது. அதற்கு மறுநாள் வயிறு உப்பி, மூச்சு வாங்கியது. மலாவி மீன்காரர்கள் இதற்கு 'புளோட்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பாசி தின்று வாழும் மீனுக்குக் குடல் நீளம். கொழுப்பும் மாமிசமும் அதில் தங்கிப்போனால் இந்த வியாதிக்கு வழி திறக்கும், அடிதடியின் மனஉளைச்சலும் அதைத் தூண்டும். வயிறு உப்பிய பிறகு மருந்து பெரும்பாலும் எட்டாது. சாப்பாட்டைத் துப்பும் அந்த முதல் நாளே பிடித்துத் தனியாக்கி மெட்ரோனிடசோல் கொடுத்தால் சில பிழைக்கும். நான் மூன்றை இழந்து, நான்காவதைக் காப்பாற்றினேன். இப்போது ஸ்பைருலினா பாசி கலந்த உருண்டைத் தீனி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, அரை நிமிசத்தில் முடியும் அளவு. வாரம் ஒருநாள் பட்டினி. சில நாள் வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டு.

கடினத் தண்ணீரில் இன்னோர் ஆபத்து, மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அம்மோனியா. பி.எச். 7-இல் இருக்கும் தொட்டியைவிட 8-இல் இருக்கும் தொட்டியில் அதன் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. நம் ஊர் வெயிலுக்கு அது இன்னும் கூடும். மெல்லிய தண்ணீரில் ஒருநாள் அதிகம் தீனி போட்டால் மன்னிக்கும், இங்கே மன்னிக்காது. ஆகவே புதுத் தொட்டியை ஒரு மாதமாவது ஓடவிட்டு, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஊறிய பிறகே மீன் விட வேண்டும். வடிகட்டிப் பஞ்சை என் தம்பி போல குழாயடியில் பளபளவென்று கழுவக்கூடாது, குளோரின் பட்டுப் பாக்டீரியா செத்துப்போகும். தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதும். சூடேற்றி நம் ஊரில் வேண்டவே வேண்டாம். மத்தியானம் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் மேலே சின்ன மின்விசிறி. கரண்ட் போனால் கைகொடுக்க மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று அலமாரியில் தயாராக இருக்கும்.

மஞ்சள் லேப் பெண் ஒன்று சாப்பிடாமல் ஒதுங்கி நின்றபோது, புளோட் என்று நான் பதறி வலையைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "டேய், இது வாயில என்னமோ அடக்கி வச்சிருக்குடா. வெத்தல போட்ட மாதிரி கன்னம் உப்பியிருக்கு பாரு." முட்டை. பெண் முட்டையை வாயில் எடுத்து ஏறக்குறைய மூன்று வாரம் பட்டினி கிடந்து குஞ்சு பொரித்துத் துப்பும். ஈயக்குட்டையில் (பழைய ஈயச் சுரங்கக் குழியில்) அப்பா தூண்டில் போட்டுப் பிடித்த திலாப்பியாவும் என் மீன்களின் அதே சிக்லிட் குடும்பம்தான், நம் குட்டையில் பெருகிய திலாப்பியாவும் இப்படி வாயில்தான் வளர்க்கும். வயிறு உப்பினால் வியாதி, தொண்டை உப்பினால் பிள்ளை. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தது அம்மா.

பிரிச்சார்டி குடும்பத்தைத் தனித் தொட்டிக்கு மாற்றி, பிறகு ஈப்போவில் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அந்த இரண்டடித் தொட்டி இப்போது வரவேற்பறையில் இருக்கிறது. உள்ளே மல்ட்டிபேசியேட்டஸ், தங்கனிக்கா ஏரியின் நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் மீன். ஆண் இரண்டு அங்குலம் தேறாது, பெண் அதைவிடச் சிறிது. அந்த ஏரி நத்தை ஓடு இங்கே எங்கே போய்த் தேடுவது? சிப்புட் என்றால் மலாயில் நத்தை, எங்கள் ஊரின் பெயரே நத்தை ஆறு. கிரியான் பக்கம் வயல்காரர்களுக்குத் தொல்லை கொடுக்கும் கோண்டாங் நத்தையின் காலி ஓடுகளை ஒரு நண்பர் மூலமாக ஒரு மைலோ டின் நிறைய வரவழைத்தேன். மூன்று தடவை கொதிக்கவைத்தேன், வீடெல்லாம் நாறி அம்மா ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. மெல்லிய தண்ணீரில் இந்த ஓடு அரித்துப் பொத்தலாகும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மூன்று வருசமாக ஒரு கீறல்கூட இல்லை.

ஆறு மீன் விட்டேன். இப்போது எண்ண முடியவில்லை. காலையில் நான் சட்டை மாட்டும் நேரத்துக்கு அவை வாய் வாயாக மணலை அள்ளித் துப்பி, நான் நேற்று சமன்படுத்திய இடத்தில் மறுபடியும் பள்ளம் பறித்துக்கொண்டிருக்கும். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். சாம்பாருக்குக் குழாய்த் தண்ணீர் இன்னும் நான்தான் பிடித்து வைக்கிறேன்.